முப்பது வருஷம் தாமதமான பதில்

1993 வாக்கில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், மீ.பொ.வ., மீ.பொ.ம. ரெண்டும் கணத்துல வர்ற வெட்டு, சேர்ப்பு மாதிரியே இருக்கே, ஏன் சார்?"

"சிலபஸ்ல இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு கேட்டகரி தியரி படித்தபோதுதான் தெரிந்தது.

ஐலன்பெர்க், மக் லேன் இருவரும் 1945-இல் ஒரு கட்டுரையில் வகுத்துத் தந்த கணிதம் இது. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். லஸ், அடையாறு, பெசன்ட் நகர் மூன்றும் புள்ளிகள். பஸ் பயணம் அம்பு. லஸ்ஸிலிருந்து அடையாறு, அங்கிருந்து பெசன்ட் நகர். இரண்டையும் சேர்த்தால் அதுவும் ஒரு பயணம். நின்ற இடத்திலேயே நிற்பதும் பயணக் கணக்குதான். பல பயணங்களை வரிசை மாறாமல் எப்படிக் கூட்டிச் சேர்த்தாலும் விடை ஒன்றே. இவ்வளவுதான் கேட்டகரி. புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, அம்புகளை மட்டுமே பார்க்கிறோம்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஓர் எண் இன்னொன்றை மீதியின்றி வகுத்தால் அம்பு போடுங்கள். 12, 18 இரண்டுக்கும் அம்பு விடுபவை 1, 2, 3, 6. இவை எல்லாமே 6-க்கும் அம்பு விடுகின்றன. அதனால் 6 மீ.பொ.வ. கணங்களில் 'உட்கணம்' என்பதை அம்பாக வையுங்கள். இரண்டு கணங்களுக்கும் உட்கணமாக இருப்பது எதுவும் அவற்றின் வெட்டுக்கும் உட்கணம். அதே வாக்கியம்தான்! அம்புகளைத் திருப்பினால் அங்கே மீ.பொ.ம. 36, இங்கே சேர்ப்பு. இரண்டு பாடம், ஒரே வரையறை.

படிக்க விரும்புவோருக்கு: மக் லேனின் 1971 புத்தகத்தில் தொடங்கி நான் மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டேன். அது கணிதத்தில் ஊறியவர்களுக்கு. லாவியர், ஷானுவெல் எழுதிய 'கன்செப்சுவல் மேதமேடிக்ஸ்' அடிப்படையிலிருந்து கைபிடித்துக் கூட்டிப்போகும். அடுத்து லெய்ன்ஸ்டரின் 'பேசிக் கேட்டகரி தியரி', இணையத்தில் இலவசம். ஒவ்வொரு வரையறைக்கும் தெரிந்த உதாரணம் மூன்றை நோட்டில் வரைந்து பார்க்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1989-இல் சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளி, இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம், அப்போது தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருந்தது. அவர் துறையான இயற்கணித வடிவியலில் இது அன்றாட மொழி. தினமும் அந்தச் சாலையில்தான் பள்ளிக்குப் போனேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

தம்பி, நீ எங்கிருந்தாலும் சரி, கேள்வி சரியானது. உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்தான்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: 'சிறியது அல்லது சமம்' என்பதை அம்பாக வைத்தால் 12, 18-க்கு என்ன கிடைக்கும்?