துணி உலர்த்திய இயந்திரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மழைக்காலத்து மாலையில், மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே அமர்த்தி இரு செய்திகளைக் கூறினார். எங்களுள் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. மற்றவருக்கு உடற்பருமனால் முழங்கால் தேயத் தொடங்கியிருந்தது. "எடையைக் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள்" என்றார் அவர். எளிய அறிவுரைதான். ஆனால் எங்கள் தெருவில் நடைபாதை இல்லை. விடியற்காலையிலோ நாய்களின் ஆட்சி. ஆகவே, நடையை இல்லத்திற்குள்ளேயே கொண்டுவர முடிவு செய்தோம்.

மறுவாரமே டிரெட்மில் என்னும் நடைப்பொறி ஒன்று, 42,000 ரூபாய் விலையில், எங்கள் முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த பணம் அது. உயிரினும் பெரிதோ பணம் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். முதல் இரு வாரங்கள் போட்டியிட்டு நடந்தோம். மூன்றாம் வாரம் ஒருவருக்குக் காய்ச்சல். ஐந்தாம் வாரம் உறவினர் வருகை. இரண்டாம் மாதத்தில் அதன் கைப்பிடிகளில் ஈரத் துண்டுகள் தொங்கின. எங்களோடு வாழும் முதிய தாயார் ஒருநாள் அமைதியாக வினவினார்: "ஏனப்பா, துணி காயப்போட இவ்வளவு விலையில் ஒரு கொடி வேண்டுமா?"

சிரித்தோம், ஆயினும் அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. கட்டணம் செலுத்தும் நாள் வந்தபோது, பாதி விலைக்கும் குறைவாக அப்பொறியை விற்றோம். போதாததைக் கடனாகப் பெற்றோம். "பரவாயில்லை அப்பா, உடம்புக்காகத்தானே வாங்கினீர்கள்" என்றாள் மகள். அவள் கடிந்து பேசியிருந்தால்கூட எங்களுக்கு அத்துணை வலித்திராது.

பின்னர்தான் சிந்தித்தோம். குறை பொறியில் இல்லை. மன உறுதியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எண்ணியதே எங்கள் பிழை. வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய வினாக்களை வாங்கிய பின்னர் கேட்டோம். அவற்றை வாசக அன்பர்களுக்கும் கூறுதல் நலம் எனத் தோன்றுகிறது.

முதலாவது, எதற்காக? உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பும், வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால், அதுவே மிதமான உழைப்பு. எனினும் எடை குறைவது பெரும்பாலும் உணவுத் தட்டிலேதான். 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி; இரண்டு உளுந்து வடைகள் அதனைத் திருப்பித் தந்துவிடும். வயிற்றுச் சதையை மட்டும் கரைப்பதாகக் கூறி விற்கப்படும் அதிரும் பட்டைகளை நம்ப வேண்டாம். ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் தேர்ந்து கரைக்கும் உடற்பயிற்சிக் கருவி எதுவும் இல்லை.

இரண்டாவது, யாருக்காக? முழங்கால் நொந்தவருக்குக் கயிறு தாண்டுதல் ஏற்றதன்று. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் உடலின் எடையை இருக்கை தாங்குவதால், மூட்டுக்குச் சுமை குறைவு. மிதிகட்டை அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எங்கே வைப்பது? டிரெட்மில் வாங்குவோர் அதன் பின்புறம் இரண்டு மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். தவறி விழுந்தால் சுவரில் மோதாமல் அது காக்கும். தலைக்குமேல் சுழலும் மின்விசிறியின் உயரத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கும்போது, ஒரு கணம் எட்டும் உச்சத் திறனை அன்று, தொடர்ந்து இயங்கும் திறனையே கேளுங்கள். சிறு குழந்தைகள் உள்ள இல்லமாயின், ஓடும் பட்டையில் விரல் சிக்கிக் காயமுறும் இடர் உண்டு. பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வைத்தல் கடமை.

நான்காவது வினாவே கடினமானது: செய்வோமா? இதற்கு விடை காண முப்பது நாள்கள் கருவியின்றிப் பயின்றோம். மாலைதோறும் மொட்டை மாடியில் நடந்தோம். நாற்காலியில் அமர்ந்து அமர்ந்து எழுந்தோம். சுவரில் கையூன்றித் தண்டால் எடுத்தோம். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் பயிற்சியின்போது சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், மருத்துவரையும் முன்னரே கலந்துகொண்டோம். முப்பத்தொன்றாம் நாள், ஒருவர் பயன்படுத்திய சைக்கிளை 5,500 ரூபாய்க்கு வாங்கினோம். தசைப் பயிற்சிக்கு இரண்டு ரப்பர் பட்டைகள் போதுமானவையாயின.

அச்சைக்கிள் இன்று தாயாரின் கட்டிலுக்கு எதிரே நிற்கிறது. "இன்று யார் முறை?" என்று நாள்தோறும் கேட்பவர் அவரே. ஓராண்டில் ஒருவருக்கு ஏழு கிலோ குறைந்தது; மற்றவருக்கு நான்கு. மாத்திரை நிற்கவில்லை, ஆனால் அதன் அளவும் கூடவில்லை. படியேறும்போது முழங்கால் இன்னும் சற்று முனகுகிறது.

சென்ற விடுமுறைக்கு வந்த மகள், ஒன்றும் பேசாமல் சைக்கிளின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். அதில் துண்டு ஏதும் தொங்கவில்லை, தூசியும் இல்லை.