அன்னைக்கு மழையாம்மா?

எம்.இ. பிள்ளைகள் பலரும் கைடைத் தேடிப் போவது ரிசல்ட் நன்றாக வந்த நாளில்தான். சொதப்பிய நாளில் லேப் பக்கம்கூடத் தலைகாட்ட மாட்டார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்கில் 28 வருடம் கைடாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கெட்ட ரிசல்ட் வந்த அன்றே, ஈரம் காய்வதற்குள் கைடிடம் ஓடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

என்னிடம் ப்ராஜெக்ட் செய்த ஒரு பெண், சிமெண்டில் 30 சதவீதத்தைக் குறைத்துவிட்டு, மேட்டூர் அனல்மின் நிலையத்து ஃப்ளை ஆஷைச் சேர்த்து எம்30 கான்கிரீட் போட்டாள். சாதாரணக் கலவையின் க்யூப்கள் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 39 நியூட்டன் தாங்கின. ஃப்ளை ஆஷ் க்யூப்கள் மூன்றும் 27-ஐ ஒட்டியே நின்றுவிட்டன. 150 மி.மீ. க்யூப், 860 கிலோநியூட்டன் வரை போகவேண்டியது, 610-லேயே முள் திரும்பிவிட்டது.

மூன்று வாரம் அவள் என் கண்ணில் படவில்லை. பிறகு வந்தபோது கையில் இரண்டு பக்க விளக்கம். ஃப்ளை ஆஷில் உள்ள சிலிகா தானாக இறுகாது. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு மெல்லக் கூடித்தான் வலுவேறும். அதனால் 28 நாளில் பின்தங்கும், 90 நாளில் எட்டிப் பிடிக்கும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் உள்ள உண்மை அது. நானே பாதி நம்பிவிட்டேன்.

"நோட்டைக் கொடும்மா" என்றேன். சிமெண்ட் கறை படிந்த நோட்டு. சாதாரணக் கலவைக்கு ஸ்லம்ப், அதாவது ஈரக் கலவை சரியும் அளவு, 80 மி.மீ. மறுநாள் போட்ட ஃப்ளை ஆஷ் கலவைக்கு 150. ஃப்ளை ஆஷ் உருண்டைத் துகள், கலவையைக் கொஞ்சம் இளக்கும்தான். ஆனால் இவ்வளவா?

"அன்னைக்கு மழையாம்மா?"

"ராத்திரி பெஞ்சுது சார். காலையில விட்டுடுச்சு."

மணல் குவியல் லேபுக்கு வெளியே, திறந்த வெளியில் கிடந்தது. ஒரு கனமீட்டருக்கு 700 கிலோ மணல். அதில் 5 சதவீதம் ஈரம் என்றாலே 35 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போயிருக்கும். அவள் அளந்து ஊற்றியது 180 லிட்டர். ஃப்ளை ஆஷையும் சேர்த்து சிமெண்டுப் பொருள் 400 கிலோ. 0.45 என்று நினைத்த நீர் விகிதம் 0.54-ஐத் தொட்டுவிடும். தண்ணீர் கூடினால் வலு குறையும். மழை செய்த பிழையை ஃப்ளை ஆஷின் தலையில் கட்டி அச்சடிக்க இருந்தோம். அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை அதை நம்பி வேலையைத் தொடங்கியிருக்கும்.

அந்த மூன்று வாரம்தான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மூன்றாம் செமஸ்டர் படிப்பதிலும் பொருள் சேர்ப்பதிலும் போய்விடும். நான்காம் செமஸ்டரில் கையில் இருப்பதே நாலு மாதம். ஒரு முறை க்யூப் போட்டால் 28 நாள் தண்ணீருக்குள். அவள் ஒளிந்துகொண்டதில் என் பங்கும் உண்டு. முதல் ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்து பேசியிருந்தேன். ரிவ்யூ நாளில் மட்டும் மாணவர் முகம் பார்க்கும் கைடுகளுக்கும், அப்போதைய என்னைப் போல் வாய் நீண்ட கைடுகளுக்கும் பிள்ளைகள் நல்ல எண்களை மட்டும்தான் காட்டுவார்கள்.

மறுபடி போட்டாள். இம்முறை மணலில் கொஞ்சம் எடுத்து ஓவனில் உலர்த்தி, ஈரத்தைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்தாள். 28 நாள் கழித்து 35 வந்தது. 39-க்கும் 35-க்கும் நடுவில் இருந்த அந்த நாலுதான் ஃப்ளை ஆஷின் நிஜமான தாமதம். இரண்டு பக்க விளக்கத்தில் பெரும்பகுதி அப்படியே பொருந்தியது, இப்போது சரியான எண்ணுக்கு.

பழைய மூன்று க்யூபையும் தீசிஸில் போடலாமா என்று தயங்கினாள். மழை பெய்த தேதியோடு போடச் சொன்னேன். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய், மேசை ஓரத்தில் இருந்த அந்தக் கறை படிந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.