சாறு கொதிக்கக் கூடாது

திம்புள்ள

அன்புள்ள தங்கச்சிக்கு,

மழை விட்டதிலிருந்து லயத்து வேலியில் பேஷன் பழம் உதிர்ந்தபடி இருக்கிறது. நீ கேட்ட பேஷன் பழக் கோடியல் பக்குவத்தைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

பழம் வாங்கும்போது தோல் சுருங்கியதாகப் பார்த்து எடு. வழவழப்பாக இருப்பதைவிட அதில்தான் இனிப்பு கூட. நம்முடையது குளிருக்கு ஏற்ற ஊதாப் பழம். கொழும்பில் உனக்குக் கிடைப்பது மஞ்சள் பழமாக இருக்கும். அது பெரியது, புளிப்பும் கூட. நாம் சேர்க்கிற எலுமிச்சை அதற்கு வேண்டாம்.

ஒரு கிலோ பழத்தில் ஏறக்குறைய 300 மில்லி சாறு வரும். உள்ளிருப்பதைக் கரண்டியால் வழித்து, துவைத்த வெள்ளைத் துணியில் போட்டுக் கையால் பிழி. மெஷினில் அடிக்கவே அடிக்காதே, விதை உடைந்து கசக்கும். அரை லீட்டர் சாற்றுக்கு முக்கால் கிலோ சீனி, கால் லீட்டர் தண்ணீர். சீனியையும் தண்ணீரையும் மட்டும் காய்ச்சி, பாணியை நன்றாக ஆறவிட்டு, அதற்குப் பிறகு சாற்றை ஊற்று. சாற்றை அடுப்பில் கொதிக்கவிட்டால் வாசம் போய்விடும். வாசம் போன பிறகு அது வெறும் சீனித் தண்ணீர்தான். நம் வீட்டுக் கோடியலை மோந்து பார்த்தே எல்லாரும் கேட்பது, நாம் சாற்றைக் கொதிக்கவிடாததால்தான்.

ஊற்றுவதற்கு முன் வெறும் போத்தலை நான் கொதிநீரில் கால் மணி நேரம் வைப்பேன். நாலாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் 95, 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அந்தச் சூடு குறைவு. கடலோரத்தில் உனக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அங்குள்ள வெக்கைக்கு, கோடியல் ஊற்றிய போத்தலை வெளியில் வைக்காதே. பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கொடியை எல்லா வேலியிலும் பார்க்க எனக்கு ஆசை. தாத்தா காலத்திலிருந்து கொழுந்தெடுத்தும் நம் பேரில் ஒரு துண்டுக் காணி இல்லை. அரசாங்கம் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி வரும் வருமென்று காத்திருக்கிறோம். இந்தக் கொடிக்குக் காணி வேண்டாம், ஒரு முழம் மண்ணும் ஒரு கம்பியும் போதும். பிள்ளைகள் கடையில் கலர்த் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள், வேலியோரத்தில் பழம் அழுகுகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களுக்கு விதை கொடுத்திருக்கிறேன். பூவுக்கு வரும் கருவண்டை அடிக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும்.

தீபாவளிக்கு வரும்போது மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தல்களாகப் பார்த்துக் கொண்டு வா. பிளாஸ்டிக் வேண்டாம், கொதிநீரில் நெளிந்துபோகும்.

அன்புடன்,
அக்கா