வெறுமையாக்கும் தொழில்

நிரப்புதல் எளிது, நிரப்புதற்கு முன் வெறுமையாக்குதலே அரிது. இவ்வுண்மையை யான் கற்றது நூலகத்திலன்று; ஸ்பிளிட் ஏ.சி. பொருத்தும் தொழிலினராகிய என் தமையனாரிடத்தே.

அறையினுள் அமையும் கருவியையும் புறத்தே அமையும் கருவியையும் இணைப்பன இரு செப்புக் குழாய்கள். அவற்றுள் காற்றும் ஈரமும் தங்கியிருக்கும். அவ்வீரம் குளிரூட்டும் வாயுவோடும் எண்ணெயோடும் கூடி அமிலமாகிக் கம்பிரசரை அரிக்கும். ஆதலின் வாக்குவம் பம்பினால் குழாயை வெறுமையாக்குவர். 760 மில்லிமீட்டர் பாதரச அளவாகிய காற்றழுத்தம் அரை மில்லிமீட்டருக்குத் தாழ, உள்ளிருக்கும் நீர் நெருப்பின்றியே ஆவியாய் அகலும். பின்னர்ப் பம்பை நிறுத்தி, அளவி ஏறாது நிற்கின்றதா எனக் காத்திருத்தல் வேண்டும். ஏறின், கசிவோ ஈரமோ உண்டு. நிலைத்து நின்ற பின்னரே வால்வைத் திறந்து, புறக்கருவியில் அடைத்துள்ள வாயுவைச் செலுத்துவர். குழாய் நீண்டதாயின், வேண்டும் மிகுதியை எடை பார்த்தே சேர்ப்பர்.

சிலர் பம்பை ஒழித்து, அவ்வாயுவையே சிறிது வெளிவிட்டுக் காற்றைத் தள்ளுவர். இக்காலக் கருவிகள் பலவற்றில் உள்ள ஆர்-32, நூற்றாண்டுக் கணக்கில் கரியமில வாயுவினும் ஏறக்குறைய 675 மடங்கு வெப்பந் தேக்குவது. ஓரறை குளிர உலகு வெம்புவதோ?

சென்ற கோடையில் ஒரு வீட்டம்மையார், "முன் வந்தவர் இத்துணை நேரம் கொள்ளவில்லையே!" எனக் கடிந்தார். தமையனார் அளவியினின்று கண்ணெடாமல், "அம்மா, இன்னும் சிறிது பொறுங்கள்" என்றார். காலந் தாழ்ந்தமையால் அன்று மற்றொரு வீட்டு வேலை அவர் கைவிட்டுப் போயிற்று. அவர் வருந்தினாரல்லர்.

குழாயின் ஈரம் தன் தீமையை வெளிப்படுத்த ஆண்டுகள் ஆகலாம். அப்பொழுது பொருத்தியவர் யாரென வினவுவாரும் இரார். மனிதர் காணாத குழாயினுள்ளும் கர்த்தர் காண்கின்றார் என்று உழைப்பதன்றோ விசுவாசம்!