ஈலி என்னும் சிறு நகரம்

கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கு நோக்கிப் புகையிரதத்திற் கால்மணி நேரம் சென்றால், மேடு பள்ளமற்ற கரிய வயல்களுக்கு அப்பால் ஒரு பெருங் கட்டிடம் எழுந்து நிற்கக் காண்போம். நகரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். 20,000 பேரளவில் வாழும் ஈலி நகரம் அப்பேராலயத்தின் காலடியில் ஒடுங்கிக் கிடக்கிறது.

அவ்வயல்கள் முன்னாளிற் சேறும் நாணலும் மண்டிய சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான வெர்மூடன் முதலியோர் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கும்வரை ஈலி ஒரு தீவாகவே இருந்தது. விலாங்கு மலிந்தமையால் அப்பெயர் வந்ததெனப் பழைய சரித்திராசிரியர் பீட் எழுதினார். தீவிற் கட்டிடக் கல் இல்லை. பார்னக் என்னும் ஊரிற் கல் எடுப்பதற்காகத் துறவிகள் ஆண்டுதோறும் 8,000 விலாங்குகளைக் கொடுத்தனர் என்பர். மீன் கொடுத்துக் கோயில் கட்டியோரை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை!

673இல் எதெல்திரீடா என்னும் அரசி மடம் நிறுவிய அவ்விடத்தில், இன்றுள்ள ஆலயத்தை 1083இற் கட்டத் தொடங்கினர். 1322 பெப்ரவரியில் ஓரிரவு அதன் நடுக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. பூமியதிர்ச்சியோ என்று துறவிகள் நடுங்கினராம்.

ஆலயப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த அலன் என்னும் துறவி அப்பொழுது செய்ததே நம்மை வியக்க வைக்கிறது. நான்கு தூண்களைப் பழையபடி நிறுத்தி மற்றொரு கோபுரம் எழுப்ப அவர் முனையவில்லை. இடிந்த இடத்தை இன்னும் அகலமாக்கி எட்டுத் தூண்களை நிறுத்தினார். 70 அடிக்கு மேற்பட்ட அவ்வெளியைக் கல்லால் மூடுவது எளிதன்று. ஆகவே மரத்தை நாடினர். அரசனின் தச்சரான வில்லியம் ஹேர்லி வந்தார். 63 அடி நீளமுள்ள எட்டு ஓக் மரங்கள் மூலைக்கொன்றாக நிற்க, ஒளி புகும் மரக்கூண்டு ஒன்று மேலே எழுந்தது. வேலை முடிய ஏறக்குறைய 20 ஆண்டுகள் சென்றன. கீழே நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு அது அந்தரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். பாரந் தாங்கும் உத்திரங்கள் உள்ளே மறைந்துள்ளன.

அருகேயுள்ள மாதா சிற்றாலயத்திலோ வேறொரு காட்சி. 16ஆம் நூற்றாண்டின் சமயப் புரட்சியிலே தலை தகர்க்கப்பட்ட சிறு சிலைகள் சுவரெங்கும் நிற்கின்றன. அவற்றுக்குப் புதுத் தலை ஒட்டாமல் விட்டது நல்லதென்றே நமக்குப் படுகிறது.

1636இல் ஒலிவர் குறொம்வெல் இந்நகருக்குக் குடிவந்தார். உள்நாட்டுப் போரின்போது, 1644இல், ஆலயத்தினுட் புகுந்து பாட்டு வழிபாட்டை நிறுத்தியவரும் அவரே. அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிச்சாலை. சற்றுத் தொலைவிலுள்ள ஆலயத்தில், பெரும்பாலான மாலைகளிற் பாடகர் குழு பாடுகிறது.