பிறர் லாயத்துக் குதிரை

நுவரெலியாவுக்குச் செல்வோர் குதிரையைக் காணாமல் திரும்புவது அரிது. கிரகரி வாவிக் கரையிலே சேணமிட்ட மட்டக் குதிரைகள் கூலிக்கு நிற்கும். பிள்ளைகள் ஏறுவர், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடப்பார், சிறிது தூரம் சென்று திரும்பியதும் பணத்தைக் கொடுத்து இறங்கிவிடலாம். அத்தோடு அந்தக் குதிரைக்கும் நமக்கும் கணக்குத் தீர்ந்தது. ஆனால், ஒருவர் தமது தோட்டத்தில் ஆசையோடு வளர்க்கும் குதிரையில் விருந்தினராக ஏறுவது முற்றிலும் வேறான காரியம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை விடுமுறையிலே நாம் குடும்பத்தோடு சென்று அதனைக் கற்று வந்தோம். கற்ற விதம் அவ்வளவு பெருமைக்குரியதன்று.

நானு ஓயாவில் ரயிலை விட்டிறங்கி நண்பரின் தோட்டத்தை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலால் வெயில் இருந்தும் சூடு இல்லை. சரிவிலே படிப்படியாக லீக்ஸும் கோவாவும் கரட்டும். அவற்றுக்கு மேலே தேயிலை. நடுவே மரவேலியிட்ட புல்வெளியில் மூன்று குதிரைகள்.

“குதிரையேறிப் பழக்கமுண்டா?” என்று நண்பர் கேட்டார். வாவிக் கரையில் இரண்டு முறை ஏறியதை மனத்திற் கொண்டு, “ஓரளவு உண்டு” என்றோம். பிள்ளைகளின் முன்னே இல்லையென்று சொல்ல நா எழவில்லை. குதிரைகளைப் பார்க்கும் பெரியவர், உயரமான ஆண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாம் அங்கவடியிலே காலை வைக்கப் போனபோது, “ஐயா, வயிற்றுவாரைப் பார்த்தீங்களா?” என்றார். பார்க்க வேண்டுமென்பதே எமக்குத் தெரியாது. சேணம் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். சற்று நேரத்தில் வார் தளர்ந்துவிடும். அப்படியே ஏறினால் சேணமும் ஆளுமாக ஒரு பக்கம் சரிய வேண்டியதுதான். பெரியவர் வேறொன்றும் பேசவில்லை. அந்தக் குதிரையை உள்ளே கொண்டுபோய், ராணி என்ற வயது முதிர்ந்த பெண் குதிரையை அழைத்து வந்தார். எமது பொய்யைச் சொல்லிக் காட்டாமல் குதிரையை மாற்றிய அந்த நாகரிகத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறோம். நாம் சொல்லும் பதிலைக் கொண்டுதானே எந்தக் குதிரையைத் தருவது என்று வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார்!

பெரியவர் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடத்தை நாமும் அருகில் நின்று கேட்டோம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஆகவே, ஏறக்குறையச் சுற்றிலும் அதனாற் காண முடியும். ஆனால் மூக்கு நுனிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் அதற்குக் குருட்டிடங்கள். பின்புறமாகச் சத்தமின்றி வருபவனைப் புலியென்று நினைத்து உதைத்தால் குற்றம் குதிரையுடையதன்று. பக்கவாட்டில், பேசிக்கொண்டே சென்று, முதலிலே தோளைத் தடவ வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையிலே சுற்றிக்கொள்ளலாகாது. அது மிரண்டு ஓடினால் கையையும் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டி, நாடாவைத் தாடைக்குக் கீழே அவரே இறுக்கினார். மகளின் செருப்பைப் பார்த்துவிட்டுச் சிறு குதியுள்ள சப்பாத்து அணியச் சொன்னார். குதியில்லையேல் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தவனைக் குதிரை இழுத்துச் செல்வது அப்படித்தான்.

நண்பர் இடையிலே ஒரு பழங்கதை சொன்னார். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இதே நுவரெலியாவில் பண்ணை அமைக்கவென்று இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்தார். அவருடைய குதிரைக்காரன் பெர்க்ஸ் என்பவன், மலைப்பாதையிலே எசமானின் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் வீழ்த்தினான். பின்னர் ஓர் யானையின் மேலேறி, அதனை மலையேற்றத்தில் ஓட ஓட விரட்ட, அந்த யானையும் இறந்தது. பேக்கர் 1855இல் வெளியிட்ட தமது நூலிலே இதனை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். கேட்ட நாமும் சிரித்தோம். அன்று மாலையே நாம் பெர்க்ஸின் இனத்தவராகப் போகிறோம் என்பது அப்போது தெரியவில்லை.

சவாரி இன்பமாகவே கழிந்தது. ஒரு குதிரையின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரப்பின் ஓரமாகச் சென்றோம். பாத்தியிலே ஒரு குளம்பு பட்டாலும் அது யாரோ ஒருவருடைய உழைப்பு. கொழுந்துக் கூடையோடு பெண்கள் எதிர்ப்பட்ட இடத்திலே பெரியவர் குதிரைகளை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். திரும்பும்போது லாயம் கண்ணிற் பட்டதும் ராணி விரைய முற்பட்டாள். மகனுக்கும் விரட்ட ஆசை. பெரியவர் விடவில்லை. வீட்டை நோக்கி ஓடப் பழகிய குதிரை பிறகு எவர் பிடித்தாலும் நில்லாதாம். மேலும், கடைசித் தூரத்தை நடந்தே வந்தால்தான் மூச்சும் உடலும் தணியும்.

தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையிலே மகன் ராணியை மறுபடி பார்க்கப் போனான். அவனுக்கு வயது பத்து. திரும்பி வந்தபோது படலையைச் சாத்தினான், சங்கிலியைக் கொளுவவில்லை. நாமும் கேட்கவில்லை.

மூடுபனி இறங்கியபின் பெரியவர் எண்ணிப் பார்த்தபோது குதிரைகள் இரண்டுதான் இருந்தன. ராணியோ பக்கத்துத் தோட்டக்காரருடைய கோவாப் பாத்தியில் நின்றாள். எவ்வளவு தின்றாள் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இரவு எட்டு மணியளவில் அவள் முன்காலால் நிலத்தைக் கிளறுவதும், விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுப்பதும் எழுவதுமாக இருந்தாள். குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது. மாட்டைப்போல அசைபோடவும் மாட்டாது. வயிற்றிலே கூடாதது சேர்ந்து வாயு கட்டினால் அது மேலே வர வழியில்லை; குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதனை அன்றிரவுதான் அறிந்தோம்.

நண்பர் தொலைபேசியில் அழைக்க, மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். மூக்கின் வழியாகக் குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றினார். பின்னர் அவர் சொற்படி, பெரியவர் லாந்தரோடு ராணியை மெல்ல நடத்திக்கொண்டிருந்தார். நாம் முறை மாற்ற முன்வந்தோம். அவர் கயிற்றைத் தரவில்லை. மகன் போர்வைக்குள் விம்மிக்கொண்டே படலையின் கதையைச் சொன்னான். அவனை அழைத்துச் சென்று நண்பரிடம் சொல்ல வைத்தோம். அவர் அவனுடைய தலையைத் தடவினாரேயன்றி ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியவர் ஜன்னலைத் தட்டி, “சாணி போட்டுட்டா, ஐயா!” என்றார். வீடு முழுவதும் எழுந்து லாயத்துக்கு ஓடிற்று. சாணத்தைக் கண்டு ஒரு குடும்பம் அவ்வளவு மகிழ்ந்ததை நாம் வேறெங்கும் கண்டதில்லை. வைத்தியரின் கட்டணத்தை நண்பர் எம்மிடமிருந்து ஏற்க மறுத்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் கோவாவின் விலையை எண்ணி வாங்கிக்கொண்டார், அதுவே நியாயம்.

புறப்படும் நேரத்தில் மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு கரட்டை எடுத்து, பெரியவர் கற்பித்தபடி விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “தாத்தா, கொடுக்கலாமா?” என்று கேட்டான்.

“இன்னைக்கு வேணாம் தம்பி. அவ வயிறு ஆறட்டும்.”

அவன் அதனை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டான். ரயில் ஹற்றனைக் கடந்தபோது, தங்கைக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியைத் தானே தின்றான்.