செவியும் கேள்வியும்

ஞானநெறி நிற்பார்க்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கும் படிமுறையாற் கூறப்பட்டன. அவற்றுள் முதற்கண் நிற்பது கேட்டல். கேட்டற்குக் கருவி செவி. அச்செவி பழுதுற்றார்க்கு முதற்படியே இல்லையாய் ஒழியுமோ என்னும் ஐயம் நூல் கற்கும்பொழுது எழுந்து மறைவது எளிது. அதனைத் தம் உடம்பிலேயே எதிர்ப்பட்ட அன்பரொருவர் கள்ளக்குறிச்சியில் உளர். அவர்பால் நிகழ்ந்தவை ஈண்டு உரைக்கப்படும்.

அவர் தமிழாசிரியராய் முப்பதாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். இளமையிற் சில ஆண்டுகள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையை யடுத்த பள்ளியொன்றிற் பயிற்றினார். ஓய்வின்பின் பிரதோடந்தோறும் தம் இல்லத்துத் திண்ணையிற் பெரியபுராண விரிவுரை நிகழ்த்துவது அவர் வழக்கம். அறுபதாண்டு நிரம்பியபின் அவர் செவி குறையத் தொடங்கிற்று. அவர் அதனை அறிந்திலர். செவி குறைதல் என்பது உலகம் ஓசையற்றுப் போதல் என்றே பலரும் கருதுகின்றனர். அஃது அங்ஙனம் வருவதன்று. முதலிற் பேர்த்தியின் சொற்கள் விளங்காவாயின. 'இக்காலத்துப் பிள்ளைகள் வாய்திறந்து பேசுவதில்லை' என்று அவர் குறைகூறினார்.

ஓராண்டு மழைக்காலத்தின் பின்னர் மலைக்குச் சென்றார். அவர்பாற் பயின்ற மாணவரொருவர் அங்கே மரவள்ளி பயிரிட்டு வாழ்பவர். மாலையில் இருவரும் வீட்டுமுன் அமர்ந்திருந்தபோது, 'முன்னாளில் இந்நேரத்திற் சிள்வண்டுகளின் ஒலி காதைத் துளைக்கும். காடு குறைந்தது, அவையும் ஒழிந்தன' என்று ஆசிரியர் வருந்தினார். மாணவர் நெடுநேரம் வாளாவிருந்து, 'ஐயா, அவை இப்பொழுதும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன' என்றார். ஆசிரியர் சிரித்து மழுப்பினார். மறுநாட் காலையிற் பேருந்து கச்சிராயபாளையத்திற்கு இறங்கி வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை.

இங்ஙனம் நிகழ்தற்குக் காரணம் உட்செவியின் அமைப்பு. செவிப்பறையின் அதிர்ச்சியை மூன்று சிற்றெலும்புகள் உள்ளே கடத்துகின்றன. உள்ளே நத்தையோடு போற் சுருண்டு, ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுக்கொண்ட ஒரு குழல் உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிரணுக்கள் நிரைநிரையாய் நின்று அதிர்ச்சியை நரம்பிற்கு உணர்த்துகின்றன. வாயிலண்டை நிற்பவை உச்ச ஒலிகட்கும், சுருளின் நுனியில் நிற்பவை தாழ்ந்த ஒலிகட்கும் உரியன. மூப்பினாலும், ஆலைகளின் பேரிரைச்சல் நெடுநாள் தாக்குவதாலும், சில மருந்துகளாலும் முதலிற் கெடுவன பெரும்பாலும் வாயிலண்டை நிற்பவையே. மக்கட்கு அவை மீள முளைப்பதில்லை.

இதனாற் பேச்சிற்கு நேரும் இடர் யாதெனின், தமிழ் வல்லார்க்கு அஃது எளிதின் விளங்கும். உயிரெழுத்துக்களின் ஓசைவலி பெரும்பாலும் தாழ்ந்த ஒலியிலும், சகர தகரம் முதலிய மெய்களைப் பிரித்துக்காட்டும் கூறு உயர்ந்த ஒலியிலும் அமைந்தன. ஆகவே செவி குறைந்தார்க்கு உயிர் கேட்கும், மெய் கேளாது. ஒருவர் பேசுகின்றார் என்பது தெரியும். என்ன பேசுகின்றார் என்பது தெரியாது. 'கூப்பிட்டால் திரும்புகின்றாரே, வேண்டியபோது மட்டும் கேட்கின்றது போலும்' என்று வீட்டார் எள்ளுவது இவ்வுண்மை அறியாமையால் வருவது. உரக்கக் கத்துவதும் பயன்றராது. கத்துங்கால் உயிரோசையே பெருகி மெய்யோசையை மறைக்கின்றது.

ஆசிரியர் தம் குறையை மறைக்கக் கற்றுக்கொண்டார். பிறர் சிரித்தாற் சிரித்தார். தலையசைத்தால் தாமும் அசைத்தார். விரிவுரையில் வினாக்கட்கு இடங்கொடாமற் பேசிக்கொண்டே போயினார். பேசுவோர்க்குக் கேட்கவேண்டுவதில்லை யன்றோ!

இம்மறைப்பினால் விளைந்தது ஒன்று. நாற்பதாண்டு நண்பரொருவர் ஒருநாள் மாலை திண்ணையில் வந்தமர்ந்து, தெருவை நோக்கியவாறு தாழ்ந்த குரலிற் சில கூறினார். தம் மனைவியாரின் நோய் தீராதென மருத்துவர் சொல்லிவிட்டனர் என்பதே அது. ஆசிரியருக்கு எட்டியது ஓசை மட்டுமே. வழக்கம்போல முகமலர்ந்து, 'நல்லது, எல்லாம் அவனருள்' என்றார். நண்பர் சிறிதுபோழ்து அவர் முகத்தை நோக்கியிருந்து எழுந்து சென்றார், அதன்பின் வந்திலர். சில திங்களில் அவ்வம்மையார் இறைவனடி சேர்ந்தார். துக்கம் வினவச் சென்றவிடத்துப் பிறர் வாயிலாகவே ஆசிரியர் அன்றைய பேச்சு இன்னதென அறிந்தார். சிவனருளைக் கூறும் சொல்லொன்று, இடமறியாது கூறப்பட்டமையால், ஒருவர் நெஞ்சிற் புண்ணாயிற்று.

அன்றுதொட்டு அவர் விரிவுரையை நிறுத்திவிட்டார். இது தம் பழவினை என்று கூறி ஒதுங்கினார். வினைப்பயனே யெனினும், மருந்து விலக்கப்பட்டது யாண்டும் இல்லை. திருச்செங்கோட்டிற் சுரத்தால் வருந்திய அடியாரை நோக்கி ஞானசம்பந்தப் பெருமான், 'வினை, பொறுத்திருங்கள்' என்று கூறிப் போயினாரல்லர். அந்நோய் தீரப் பதிகம் பாடினார். வீட்டாரோ அவர்க்கு மதி மங்கிற்றென்று எண்ணத் தலைப்பட்டனர். இது பெரும்பிழை. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உடம்பின் வேறாய், பொறிகளின் வேறாய் உயிருண்டென நாட்டுகின்றது. கருவி பழுதுற்றமை கருத்தா பழுதுற்றமையாகாது. ஆயினும் கேளாமையால் உரையாட்டொழிந்து தனித்திருப்பார்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மிகும் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டுள்ளமையால், ஒதுங்கியிருத்தலும் தீங்கற்றதன்று.

அவரை மருத்துவரிடம் போக்கியவள் பேர்த்தியே. ஒருநாட் சிலேட்டில், 'தாத்தா, நம்பிகள் கோலூன்றி நடந்தார் என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்?' என்றெழுதி அவர்முன் நீட்டினாள். நம்பியாரூரர் அவதரித்த திருநாவலூர், 2019-இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துள்ளது. ஆடிச் சுவாதிதோறும் ஆசிரியர் அங்குச் செல்பவர். ஒற்றியூரை நீங்கியபோது இருகண்ணும் இழந்த நம்பிகள் அதனை மறைத்திலர். பதிதோறும் இறைவனையே வினவினார். திருவெண்பாக்கத்திற் கிடைத்த ஊன்றுகோலைக்கொண்டு காஞ்சிவரை நடந்தே சென்றார். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பெற்றமை பின் நிகழ்ந்தது. இவ்வரலாற்றைப் பன்முறை விரித்துரைத்தவர், அக்கோலைத் தமக்குரியதாக ஒருமுறையேனும் எண்ணியிலர்.

சோதனை எளியதே. ஓசைபுகா அறையொன்றில் இருத்தி, காதுகளிற் கருவி பூட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாய் விடுத்தனர். கேட்டபோதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். வரைந்து காட்டிய கோடு இடப்பக்கத்தே உயர்ந்தும் வலப்பக்கத்தே மலைச்சரிவு போல் வீழ்ந்தும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஏதேனுமோரளவிற் செவி குறைந்தோர் உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர். அவருள் மருத்துவமோ துணையோ வேண்டுவோர் 43 கோடியர். இத்தொகை அவர்க்கு ஆறுதலளித்ததாகத் தெரியவில்லை. அக்கோட்டின் சரிவே அவர் நெஞ்சில் நின்றது; சிள்வண்டுகள் அச்சரிவின் அடியில் இருந்தன.

செவிக்கருவி பூண்ட முதல்நாள் வேட்டியின் சரசரப்பும் கரண்டியின் ஒலியும் அவரைத் துன்புறுத்தின. பலர் இந்நிலையிலேயே அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். பலகாலம் மறந்த ஒலிகளை மூளை மீண்டும் பழகுதற்கு வாரங்கள் செல்லும். கருவி ஒலியைப் பெருக்குவது. கெட்ட அணுக்களை உயிர்ப்பிப்பதன்று. அமைதியான அறையில் ஒருவரோடு பேசுங்கால் நன்கு பயன்படுகின்றது. கூட்டத்திற் பயன் குன்றுகின்றது. அவ்வாண்டு ஆடிச் சுவாதியில் நாகசுரமும் தவிலும் மண்டபத்து எதிரொலியும் ஒன்றாய்க் குழம்பவே, அவர் அதனைக் கழற்றி மடியிற் செருகிக்கொண்டார். பின்னர் ஓதுவார் பதிகம் பாடினார். பண் கேட்டது, சொல் கேட்கவில்லை. ஆயின் சிறுவயதில் மனனஞ்செய்தவை யாதலால், கேட்ட உயிர்கட்கெல்லாம் உரிய மெய்கள் அவர் நெஞ்சினின்றே எழுந்து பொருந்தின. அப்பதிகம் முழுவதையும் அவர் கேட்டார்.

தைத்திங்களில் அவர் மீண்டும் மலைமேற் சென்றபோது, அம்மாணவரின் பெயர்த்தியாகிய இரண்டரை வயதுக் குழவி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. இன்னும் பேசவில்லை, குலதெய்வத்திற்கு நேர்ந்திருக்கின்றோம் என்றனர் வீட்டார். குழவியின் பின்புறமாய் மணிகட்டிய ஆடொன்று ஓடிற்று; அது திரும்பவில்லை. ஆட்டின் நிழல் முன்வந்து விழவே திரும்பிற்று. முன்னாளாயின் ஆசிரியர் இதனைக் கண்டிரார். நாவிற் குற்றமில்லை; கேளாத சொல்லை நா எங்ஙனம் ஆக்கும்? உறங்குங் குழவியின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்குச் செவிநரம்பு தரும் மறுமொழியை அளக்குஞ் சோதனை உண்டென்றும், 6 வயதிற்குட்பட்டார்க்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்வழிக் காக்ளியர் கருவி பொருத்தப்படுவதுண்டென்றும், மொழி பதியும் பருவம் காத்திராதென்றும் அவர் எடுத்துக் கூறினார். தாய் தயங்கினாள். அவர் தம் கருவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். மறுவாரம் அவள் குழவியுடன் மலையிறங்கினாள்.

கருவி எல்லார்க்கும் ஒருபடித்தாய்ப் பயன்படும் என்பதற்கில்லை. பயன்படாதவிடத்துச் சைகைமொழி உண்டு. அதுவும் தனக்கென இலக்கணமுடைய முழுமொழியே. கல்லாலின் நிழலில் நால்வர்க்குக் கைக்குறியால் உணர்த்திய பெருமானை வழிபடுவார் கையாற் பேசுதலைத் தாழ்வென எண்ணுதல் கூடுமோ? நயனம், பரிசம், மானசம், வாசகம், சாத்திரம், யோகம், ஔத்திரி எனத் தீக்கை எழுவகைப்படும். அவற்றுட் சொல்லாற் பெயர்பெற்றது ஒன்றே; நோக்கானும் தீண்டலானும் அருளுதல் உண்மையின், முதற்படி செவியொன்றனால் அடைக்கப்பட்டதன்று.

மலையினின்றும் திரும்பியபின் அவர் நண்பர்க்கு ஒரு கடிதம் எழுதினார். அன்று தமக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதையும், கேளாமையைச் சொல்ல நாணியதையும் ஒளியாது எழுதினார். பதில் வரவில்லை. பத்துநாட் கழித்து, விரிவுரையில்லாத மாலையொன்றில், நண்பரே வந்தார். இம்முறை தெருவை நோக்கியமரவில்லை. எதிரே அமர்ந்து, உரக்கவன்றி நிறுத்தி நிறுத்தி, மனைவியாரின் நோயை முதல்நாள் தொடங்கி மீளவும் கூறினார். விளங்காத சொற்களை ஆசிரியர் மறுபடி கேட்டார். அவரும் மறுபடி சொன்னார். பாதி கூறுமுன் இருட்டிவிட்டது. முகத்தில் வெளிச்சம் குறைந்தமை கண்டு, நண்பர் தாமே எழுந்து மாடத்து விளக்கைக் கொணர்ந்து தம்பக்கல் வைத்துக்கொண்டு, விட்ட இடத்தினின்றும் தொடங்கினார்.